திறப்பு விழாவுக்குப் பணம் உண்டு, ஐந்தாம் வருடத்துக்கு?

பல்கலைக்கழகமொன்றில் அல்லது கல்லூரியொன்றில் இணையவழிக் கற்றல் நிலையம் திறந்து வைக்கப்பட்டது என்ற செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். நாடா வெட்டும் படம், புதுக் கணினிகளின் வரிசை, பிரதம அதிதியின் உரை எல்லாம் இருக்கும். அதே நிலையம் ஐந்து வருடங்களுக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று யாரும் செய்தி எழுதுவதில்லை. நாங்கள் உயர்தரம் வரை படிப்பித்து அனுப்பும் பிள்ளைகளில் அநேகர் போய்ச் சேர்வது அந்த ஐந்தாம் வருடத்தில்தான். ஆகவே ஓர் ஆசிரியனாக எனக்கு அந்த எழுதப்படாத செய்தியே முக்கியமாகப் படுகிறது.

நான் பயிற்சி பெற்ற கலாசாலையிலும் ஒரு கணினி அறை இருந்தது. வெளிநாட்டு உதவியில் வந்தது. கணினிகளுக்குத் தூசி படாமல் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். இரண்டாம் வருடம் யூ.பீ.எஸ். பெற்றரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. புதிய பெற்றரி வாங்கக் கேட்டபோது "அதுக்கு வோட் இல்ல" என்பதே பதில். இலட்சக்கணக்கில் பெறுமதியான அறை, சில ஆயிரம் ரூபா பெற்றரி இல்லாமல் முடங்கியது. அங்கே குறைந்தது பணம் என்று சொல்வதை விட, சரியான வகைப் பணம் என்று சொல்வதே பொருந்தும்.

அரசாங்கக் கணக்கில் செலவு இரண்டு வகை. கட்டடம், இயந்திரம் முதலியன மூலதனச் செலவு. சம்பளம், மின்கட்டணம், இணையக் கட்டணம், திருத்த வேலை போன்றவை மீண்டெழும் செலவு. இணையவழிக் கல்வியைத் தொடங்குவது முதலாவது வகைப் பணத்தில், அது உயிர்வாழ்வது இரண்டாவது வகையில். வெளிநாட்டுக் கடனும் கொடையும் பெரும்பாலும் முதலாவது வகைக்கே கிடைக்கின்றன. இரண்டாவதைத் திறைசேரி தர வேண்டும், அல்லது நிறுவனம் தானே உழைக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வகையில் என்னென்ன அடங்குகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். மூடில் என்ற கற்றல் முகாமைத்துவ மென்பொருள் இலவசம். எமது பல்கலைக்கழகங்கள் அநேகமாக அதையே பயன்படுத்துகின்றன. ஆனால் அது ஓடும் சேர்வர் சில வருடங்களில் பழையதாகிவிடும். அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். கருத்திட்டக் காலத்தில் அந்த ஆளை ஒப்பந்த அடிப்படையில் எடுப்பார்கள். கருத்திட்டம் முடிந்ததும் ஒப்பந்தமும் முடியும். நிரந்தரப் பதவி உருவாக்க முகாமைத்துவ சேவைகள் திணைக்களத்தின் அங்கீகாரம் தேவை. அது வந்து சேரும்போது, வேலை தெரிந்த அந்த இளைஞர் கட்டாரிலோ கொழும்புத் தனியார் கம்பனியிலோ இருப்பார்.

பாடங்களும் பழையதாகும். என்னிடம் படித்த ஒரு மாணவி, இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், வெளிவாரியாக வணிகத்துறைப் பட்டம் படிக்கிறார். கிழக்கில் ஒரு கிராமம். இரவு 12 மணிக்குப் பிறகு கிடைக்கும் இரவு நேர டேட்டாவில்தான் விரிவுரை பார்ப்பார். அவருக்குக் கிடைத்த ஒளிப்பதிவு 2020இல் எடுத்தது. "வற் வரி எட்டு வீதமெண்டு சொல்றாங்க சேர், பரீட்சைக்கு எத எழுதுற?" என்று வட்ஸ்அப்பில் கேட்டார். 2020இல் எட்டு வீதம் சரி. 2022இல் அது பன்னிரண்டாகி, அதே வருடம் பதினைந்தாகி, 2024 ஜனவரியில் பதினெட்டாகிவிட்டது. விரிவுரையாளரைக் குறை சொல்லி என்ன பயன்? மறுபடி பதிவு செய்ய அவருக்கு நேரமும் கொடுப்பனவும் ஒதுக்கப்பட்டிருந்தால் செய்திருப்பார். ஒருமுறை பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தில் போட்ட வரவு செலவுத் திட்டத்தின் பலன் இது.

நாட்டின் அனுபவத்துக்கு வருவோம். 2003இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் தொலைக்கல்வி நவீனமயமாக்கல் கருத்திட்டம் தொடங்கியது. தேசிய இணையவழித் தொலைக்கல்விச் சேவை, அதாவது நோட்ஸ், அதன் கீழ்தான் உருவானது. மாவட்டங்களில் நிலையங்கள் அமைத்து, பல்கலைக்கழகம் செல்ல முடியாதவர்களுக்கு இணையம் வழியாகப் பட்டங்களையும் டிப்ளோமாக்களையும் கொண்டு செல்வதே நோக்கம். பிறகு உலக வங்கியின் உயர்கல்விக் கருத்திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியாக வந்த 'அஹெட்' 2017இல் தொடங்கி 2023இல் முடிந்தது. பத்துக் கோடி டொலர் கடன். இவற்றால் நன்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு கருத்திட்டத்துக்கும் ஒரு முடிவுத் திகதி உண்டு, மாணவரின் தேவைக்கு அது இல்லை.

இதற்கு மாறான உதாரணமும் எம்மிடமே இருக்கிறது. 2020 மார்ச்சில் கொவிட் வந்து பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது, மிகக் குறுகிய காலத்தில் விரிவுரைகள் இணையத்துக்கு மாறின. அதைச் சாத்தியமாக்கியதில் 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி ஆய்வு வலையமைப்புக்குப் பெரும் பங்குண்டு. 1990களின் தொடக்கத்தில் மின்னஞ்சல் வசதியாக ஆரம்பித்து, பல்கலைக்கழகங்களே சேர்ந்து தம் பொது வலையமைப்பாக வளர்த்தெடுத்த ஒன்று அது. சூம் வசதியையும் அதுவே பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பாடு செய்தது. தொலைத்தொடர்பு நிறுவனங்களும் பல்கலைக்கழக சேர்வர்களுக்கான டேட்டாவை இலவசமாக்கின. அந்த நெருக்கடியில் கைகொடுத்தது முப்பது வருடமாக யாரும் கவனிக்காமல் மாதாந்தக் கட்டணம் கட்டிப் பேணிய ஒரு கம்பி வலை.

ஆனால் இலவச டேட்டா நிரந்தரமாக இருக்கவில்லை. 2022இல் மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360ஐத் தொட்டது. டொலரில் பணம் கட்டும் மென்பொருள் எல்லாவற்றினதும் விலை இரண்டே மாதத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பானது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களையும் நாம் மறந்திருக்க மாட்டோம். நிறுவனத்தின் மீண்டெழும் செலவில் சேராத சுமை வேறெங்கும் போகாது, மாணவரின் போனுக்குத்தான் வரும். உள்வாரி மாணவருக்காவது மஹபொல உண்டு. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நான் சொன்ன அந்தத் தாய்க்கு அதுவும் இல்லை.

நிறைய முதலீடு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? பிரித்தானியா 2000ஆம் ஆண்டில் 'யூகே ஈ-யுனிவர்சிட்டி' என்ற இணையப் பல்கலைக்கழகத்தை அறிவித்து, 6 கோடி 20 இலட்சம் பவுண் ஒதுக்கியது. மாணவர் என்ன கேட்கிறார்கள் என்று பார்க்காமல் முதலில் தொழினுட்ப மேடையைக் கட்டினார்கள். சுமார் 900 மாணவர்களே சேர்ந்தார்கள். 2004இல் மூடிவிட்டார்கள். மறுபக்கம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2001இல் தனது பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடப் போவதாக அறிவித்தது. ஆரம்பப் பணம் இரண்டு அறக்கட்டளைகளிடமிருந்து வந்தது. அந்தப் பணம் முடியும் நாளும் வந்தது. செலவின் ஒரு பகுதியை நிறுவனம் தன் சொந்தக் கணக்கில் ஏற்று, மீதியை நன்கொடைகளால் திரட்டியதால்தான் அத்திட்டம் இன்றும் இருக்கிறது.

எம் நாட்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் இணையவழிப் பாடங்களை உருவாக்க சுவீடனின் சீடா உதவியது. சுவீடனின் உதவி நின்ற பிறகும் பட்டம் நிற்கவில்லை, காரணம் மாணவரிடமிருந்து வரும் கட்டணம். ஆனால் கட்டணம் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. கணினித் துறைப் பட்டத்துக்குக் காசு கட்டுபவர்கள் இருப்பார்கள். அரபு மொழிக்கோ தமிழுக்கோ வரலாற்றுக்கோ யார் கட்டுவார்கள்? 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த வருடமே பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் போன்ற இடத்தில், வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகள் அதிகம் படிக்கும் பீடங்களைக் கட்டணத்தில் ஓட்ட முடியாது. அங்கே அரசாங்கத்தின் மீண்டெழும் ஒதுக்கீடுதான் வழி. எமது பாராளுமன்றப் பிரதிநிதிகள் புதிய கட்டடம் கேட்பதோடு நிற்காமல் இதையும் கேட்கலாம். ஆனால் தொழினுட்ப உத்தியோகத்தர் பதவி இரண்டைப் பெற்றுக்கொடுத்தவருக்கு நாம் பொன்னாடை போர்த்தியதாக எனக்கு ஞாபகமில்லை.

சமூகமாக நாம் கொடுக்கும் முறையையும் பார்க்க வேண்டும். எங்கள் ஊர்களில் தனவந்தர்கள் கல்விக்குத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். மடிக்கணினி, புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்ட் எல்லாம் வருகின்றன. இவை ஒருமுறைக் கொடைகள். ஆனால் எம்மிடம் வக்பு என்ற வழிமுறை நூற்றாண்டுகளாக இருக்கிறது. மூலத்தைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடுவது அதன் அடிப்படை. மீண்டெழும் செலவு என்று திறைசேரி சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான பணம் வேறென்ன? அதற்கான சட்டமும் 1956ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் உண்டு. பேருவளையில் 1973இல் நளீம் ஹாஜியார் ஜாமிஆ நளீமிய்யாவை ஆரம்பித்தது போன்ற முன்னுதாரணங்களும் உண்டு.

பெரிய ஏற்பாடு தேவையில்லை. பிரதான வீதியில் ஒரு கடை அறையின் வாடகையை, ஊரில் வெளிவாரியாகவும் திறந்த பல்கலைக்கழகத்திலும் படிக்கும் பெண் பிள்ளைகளின் டேட்டாவுக்கென்று எழுதிவைக்கலாம். பள்ளிவாசல் கட்டடத்தில் சும்மா கிடக்கும் ஓர் அறையில் இணைய இணைப்பும் இரண்டு மேசையும் போட்டு, மாதக் கட்டணத்தை அந்த வாடகையிலிருந்து கட்டலாம். கணினி கொடுக்க விரும்பும் ஹாஜியாரிடம், பத்துக்குப் பதிலாக ஏழைக் கொடுத்து, மூன்றின் பெறுமதியை நான்கு வருடத் திருத்த வேலைக்கு ஒதுக்கும்படி கேட்கலாம். கல்லில் பெயர் பொறிக்கும்போது அதையும் சேர்த்துப் பொறிக்கட்டும். நிறுவனங்கள் எம்மிடம் உதவி கேட்டு வரும்போது, இயந்திரங்களின் பட்டியலை வாங்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: இவற்றைப் பார்த்துக்கொள்பவர் யார், மூன்று வருடத்துக்குப் பிறகு அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?