உங்களுக்குத் தெரியுமா? ஒரு கப் மாவு எத்தனை கிராம்?

தீபாவளி பிஸ்கட்டுக்குச் சாமான் வாங்க பிரிக்பீல்ட்ஸ் போனாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போனாலும் கடையில் கிராம் கணக்குதான். வீட்டில் மட்டும் கப்! அமெரிக்கக் கப் சுமார் 237 மில்லிலிட்டர். மெட்ரிக் கப் 250. கோதுமை மாவைக் கரண்டியால் மெல்ல இட்டு நிரப்பினால் அமெரிக்கக் கப்பில் ஏறக்குறைய 120 கிராம். பைக்குள் கப்பை அமுக்கி அள்ளினால் 150-ஐத் தொடும். அதே கப்பில் சீனி 200.

வெண்ணெயில்தான் வம்பு. அமெரிக்கக் குறிப்பின் ‘ஒரு கப்’ 227 கிராம். நம் கடைகளில் கிடைக்கும் கட்டியோ பெரும்பாலும் 250. முழுசாகப் போட்டால் பிஸ்கட் தட்டில் பரவிப் படுத்துவிடும். பாட்டியின் பழைய குறிப்பில் ‘காத்தி’ என்றிருந்தால் கலங்க வேண்டாம்: சுமார் 605 கிராம். அதில் பதினாறில் ஒரு பங்கு ‘தாஹில்’, 37.8 கிராம், மின்தராசு இதைக்கூட நிறுத்துவிடும்.