காயங்களை எண்ணும் துறை

விளையாட்டு மருத்துவம் என்றதும் பலருடைய மனத்தில் எழுவது, மைதானத்தில் சுருண்டு விழுந்த வீரரை நோக்கிப் பையுடன் ஓடும் மருத்துவரின் தோற்றமோ, நட்சத்திர ஆட்டக்காரர் ஒருவரின் முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த செய்தியோதான். பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாக இயங்கும் விளையாட்டு மருத்துவத்தின் வேலையில் பெரும்பகுதி இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. எந்த விளையாட்டில், யாருக்கு, எவ்வளவு நேர ஆட்டத்துக்கு எத்தனை காயங்கள் ஏற்படுகின்றன என்று எண்ணுவதும், அவற்றைக் குறைக்க ஒரு வழியை வகுத்து, அது உண்மையிலேயே குறைத்ததா என்று மறுபடியும் எண்ணிப் பார்ப்பதுமே அதன் அன்றாடம். நெதர்லாந்தைச் சேர்ந்த வில்லெம் வான் மெக்கெலனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1992-இல் இவ்வேலையை நான்கு படிகளாக வகுத்தனர்: காயத்தின் அளவை அறிதல், அதன் காரணத்தையும் அது நிகழும் விதத்தையும் கண்டறிதல், தடுப்பு முறையைப் புகுத்துதல், முதற்படியைத் திரும்பச் செய்து பலனை மதிப்பிடுதல். பார்வைக்கு மிக எளிதான இவ்வரிசையைக் கால் நூற்றாண்டுக் காலம் விடாப்பிடியாகப் பின்பற்றினால் என்ன கிடைக்கும், எங்கெங்கே இடறும் என்பதற்கு நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவில் உள்ள விளையாட்டு மருத்துவத் துறையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நகரின் வடக்கு விளிம்பில், காடு தொடங்கும் சொங்ஸ்வான் ஏரியை ஒட்டி, 1968-இல் நிறுவப்பட்ட நார்வே விளையாட்டு அறிவியல் கல்வி நிறுவனம் அமைந்துள்ளது. அதன் விளையாட்டு மருத்துவத் துறையும் ஆஸ்லோவின் பல்கலைக்கழக மருத்துவமனையும் கைகோத்து 2000-ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டுக் காய ஆய்வு மையத்தைத் தொடங்கின. அதை முன்னின்று நடத்தியவர்கள் ரோஅல்ட் பார், எலும்பு மூட்டு அறுவை மருத்துவரான லார்ஸ் எங்கெபிரெட்சன் ஆகிய இரு பேராசிரியர்கள். மையத்துக்கான நிதியில் ஒரு பகுதி அரசிடமிருந்தும் பொதுச் சுகாதார அமைப்பிடமிருந்தும் ஒலிம்பிக் அமைப்புகளிடமிருந்தும் வந்தது. மற்றொரு பகுதி அரசுக்குச் சொந்தமான பந்தய, லாட்டரி நிறுவனத்திடமிருந்து வந்தது. ஆட்டத்தின் மீது பணம் கட்டுவோரின் காசில் ஆடுவோரின் முழங்கால் காக்கப்படுவதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

இத்துறைக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வுகள் ஹேண்ட்பால் ஆட்டத்தில் தொடங்கின. உள்ளரங்கில், 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களத்தில், அணிக்கு எழுவர் கையால் பந்தை எறிந்து கோல் போடும் இந்த ஆட்டம் நார்வேயில், குறிப்பாகப் பெண்களிடையே, பெரும் செல்வாக்குடையது. அந்நாட்டுப் பெண்கள் அணி 2008, 2012, 2024 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றிருக்கிறது. ஓடிவந்து ஒரு காலை அழுந்த ஊன்றி, எதிராளியை ஏமாற்றச் சட்டென்று திசைமாறும் அசைவே இந்த ஆட்டத்தின் உயிர். முன்சிலுவை இணைநார் அறுபடுவதும் பெரும்பாலும் அந்த நொடியில்தான். விளையாட்டு உலகில் ஏ.சி.எல். என்று சுருக்கமாக வழங்கும் இந்த இணைநார், தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காக இணைத்து, கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் தடுக்கும் நார்க்கட்டு ஆகும். அது அறுந்தால் அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கான மறுவாழ்வுப் பயிற்சியும் காத்திருக்கின்றன; அவற்றுக்குப் பிறகும், பத்து இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வரும் வாய்ப்பு வெகுவாகக் கூடுகிறது. காயமடைபவர் பதினாறு வயதுப் பெண்ணாக இருந்தால் முப்பதுகளிலேயே முதுமை முழங்காலில் குடியேறிவிடுகிறது. நார்வேயின் உயர்நிலை ஹேண்ட்பாலில் இக்காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ ஐந்து மடங்கு மிகுதி என்பதை 1990-களில் நடந்த கணக்கெடுப்புகள் காட்டின.

இயன்முறை மருத்துவரான கிரேதே மிக்லெபுஸ்ட் தலைமையில், பெண்கள் ஹேண்ட்பாலின் மேல் மூன்று பிரிவுகளில் மூன்று பருவங்களுக்கு ஓர் ஆய்வு நடந்தது. 1998-99 பருவத்தில் எந்தத் தலையீடும் இன்றிக் காயங்கள் எண்ணப்பட்டன. முன்சிலுவை இணைநார்க் காயங்கள் 29. அடுத்த பருவத்தில் சமநிலைப் பயிற்சிகள் புகுத்தப்பட்டன. தள்ளாடும் பலகையிலும் மெத்தையிலும் ஒற்றைக்காலில் நிற்பது, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் பாதத்துக்கு நேராக நிறுத்துவது, திசைமாறும் அசைவைச் சரியாகப் பழகுவது என்பவை அவை. காயங்கள் 23 ஆயின. மூன்றாம் பருவத்தில், பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அணிதோறும் ஓர் இயன்முறை மருத்துவர் அமர்த்தப்பட்டார். காயங்கள் 17 ஆகக் குறைந்தன.

செய்தித்தாள் ஒன்றுக்குத் தலைப்பிட இந்த இறங்குவரிசையே போதும். ஆய்வாளர்களுக்கு அது போதவில்லை. மொத்தக் கணக்கில் இக்குறைவு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்ற ஐயத்தைப் புள்ளியியல் முறையால் விலக்க முடியவில்லை என்பதை அவர்களே எழுதினர். முதற்பிரிவு அணிகளில், பயிற்சியை முழுமையாகச் செய்து முடித்தவர்களிடம் மட்டுமே வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒரே பருவத்தில் அருகருகே வைத்து ஒப்பிடாததும் ஒரு குறையாக இருந்தது. ஆண்டுக்கு ஆண்டு ஆட்ட வேகமும் தரையும் ஆட்டக்காரர்களும் மாறக்கூடியவை அல்லவா? எனவே அடுத்த ஆய்வு குலுக்கல் முறையில் அமைக்கப்பட்டது. எந்தக் கழகம் பயிற்சி பெறும், எது வழக்கம்போல் ஆடும் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கலுக்கு விடுவதே இம்முறை. ஒருவரை மட்டும் பிரித்தெடுக்காமல் கழகம் முழுவதையும் ஓர் அலகாகக் கொள்வதால், ஒரே அணியில் ஒருவர் செய்வதை மற்றவர் பார்த்துச் செய்யும் குழப்பம் தவிர்க்கப்படுகிறது. 120 கழகங்களைச் சேர்ந்த, 15 முதல் 17 வயதுவரையுள்ள 1,837 இளையோர் இதில் பங்கேற்றனர். 2005-இல் வெளியான முடிவின்படி, முழங்காலிலும் கணுக்காலிலும் ஏற்பட்ட திடீர்க் காயங்கள் பயிற்சி பெறாத பக்கத்தில் 81, பயிற்சி பெற்ற பக்கத்தில் 48.

காரணத்தைத் தேடும் இரண்டாம் படியிலும் துறை சும்மா இருக்கவில்லை. செயற்கைத் தளங்களில் உராய்வு மிகுவதால், மரத்தளத்தைவிட அங்கே பெண்களுக்கு முழங்கால் காயம் கூடுதலாக நேர்வதாக ஓர் ஆய்வு சுட்டியது. உயிரியக்கவியல் என்பது உடலின் அசைவுகளை இயற்பியல் விதிகளால் விளக்கும் பிரிவு. அப்பிரிவைச் சேர்ந்த திரோன் குரோஸ்ஹாவ்க், தொலைக்காட்சிப் பதிவுகளில் சிக்கிய உண்மையான காயக் காட்சிகளை எடுத்துக்கொண்டு, பல கோணப் படங்களின் மீது எலும்புக்கூட்டு மாதிரி ஒன்றைப் பொருத்தி, மூட்டுகள் ஒவ்வொரு கணத்திலும் எப்படி மடங்கின என்று அளக்கும் முறையை உருவாக்கினார். பெண்கள் ஹேண்ட்பாலிலும் கூடைப்பந்திலும் நிகழ்ந்த பத்துக் காயங்களை இம்முறையில் அலசியபோது, பாதம் தரையைத் தொட்ட ஏறத்தாழ 40 மில்லிவிநாடிக்குள் இணைநார் அறுந்திருக்கும் என்ற முடிவு கிடைத்தது. ஒரு விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கான இந்த நேரத்தில், ஆபத்தை உணர்ந்து தசையை இறுக்கிக்கொள்ள மனித நரம்பு மண்டலத்துக்கு அவகாசமே இல்லை. ஆகவே கால் தரையிறங்குவதற்கு முன்பே உடல் சரியான நிலையில் இருக்க வேண்டும். யோசித்துச் செய்யும் அசைவு பயன்படாது, பழகிப்போன அசைவுதான் உதவும். மெத்தையிலும் பலகையிலும் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் பயிற்சிக்கான நியாயம் இந்த 40 மில்லிவிநாடியில் இருக்கிறது.

இத்துறையின் உண்மையான பெருமையை அதன் வெற்றிகளில் தேடுவதைவிட, வெற்றி கிட்டாத ஆய்வுகளை அது கையாண்ட விதத்தில் தேடுவதே பொருத்தம். கால்பந்துக்காக உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா வகுத்திருந்த ‘பதினொன்று’ என்ற பயிற்சித் தொகுப்பை, கத்ரின் ஸ்டெஃபனும் குழுவினரும் நார்வே இளம்பெண்களிடம் சோதித்தபோது காயங்கள் குறையவே இல்லை. ஆராய்ந்து பார்க்கையில், பல அணிகள் அந்தப் பயிற்சியை ஒழுங்காகச் செய்யவில்லை என்பது தெரிந்தது. நோயாளி விழுங்காத மாத்திரையின் வீரியத்தை அளக்க முயன்றதற்கு ஒப்பான நிலை அது. முடிவு மறைக்கப்படாமல் 2008-இல் வெளியிடப்பட்டது. அதற்குள் தொகுப்பு திருத்தப்பட்டு, ஓட்டப் பயிற்சிகள் சேர்க்கப்பட்டு, சலிப்பைக் குறைக்கக் கடினப் படிகள் வகுக்கப்பட்டு, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் இருபது நிமிட வார்ம்-அப் ஆகவே மாற்றப்பட்டிருந்தது. தொர்பியோர்ன் சோலிகார்டின் ஆய்வு, 13 முதல் 17 வயதுவரையுள்ள 1,892 பெண்களிடம் இப்புதிய வடிவத்தைச் சோதித்தது. மொத்தக் காயங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், கடுமையான காயங்கள் ஏறக்குறைய பாதியும் குறைந்தன. ஆயினும் ஆய்வின் முதன்மைக் கேள்வியாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்த கால் காயங்களில் கண்ட குறைவு புள்ளியியல் உறுதியை மயிரிழையில் தவறவிட்டது. அதுவும் கட்டுரையில் வெளிப்படையாகவே இருக்கிறது. இன்று உலகெங்கும் கால்பந்து மைதானங்களில் ‘பதினொன்று பிளஸ்’ என்று வழங்குவது இந்தத் தொகுப்புதான்.

இன்னும் துணிவான மறுப்பு ஒன்றும் இங்கிருந்து வந்தது. பருவத் தொடக்கத்தில் ஆட்டக்காரர்களைச் சோதித்து, யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்பது தொழில்முறைக் கழகங்களில் பரவிய நம்பிக்கை. அதை நம்பிப் பெரும் பணமும் செலவிடப்படுகிறது. சிறு மேடையிலிருந்து குதித்து இறங்கி உடனே மேலெழும் சோதனையில் முழங்கால் உள்நோக்கிச் சாய்பவர்களுக்கு இணைநார் அறும் என்பது அந்த நம்பிக்கையின் ஒரு கிளை. நார்வேயின் உயர்நிலை ஹேண்ட்பால், கால்பந்து ஆட்டக்காரப் பெண்கள் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரை ஆய்வகத்துக்கு வரவழைத்துச் சோதித்துப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகு, காயமடைவோரைப் பிரித்தறிய இச்சோதனை பயன்படாது என்று துறை 2016-இல் அறிவித்தது. அதே ஆண்டில் பார் எழுதிய கட்டுரை, இத்தகைய முன்கணிப்புச் சோதனைகள் எதுவுமே பலிக்காததற்கான கணிதக் காரணத்தை விளக்கியது. காயமடைந்தோர் குழுவின் சராசரி மற்றவர்களின் சராசரியிலிருந்து வேறுபட்டாலும், இரு குழுக்களின் அளவீடுகள் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், எந்த இடத்தில் கோடு கிழித்தாலும் காயமடையப் போகிறவர்கள் பலர் தப்பிவிடுவார்கள், காயமே வராத பலர் சிக்கிவிடுவார்கள். ஆகையால் தேர்ந்தெடுத்த சிலருக்கு என்று வைக்காமல், எல்லோருக்கும் தடுப்புப் பயிற்சி தருவதே வழி. தன் ஆய்வகத்தில் ஆண்டுக்கணக்கில் செய்த முதலீட்டுக்கு எதிராகவே தீர்ப்பெழுத நேர்வது எந்தத் துறைக்கும் இனிப்பான வேலையன்று.

எண்ணும் முறையே பிழையாக இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியை இத்துறையின் ஆய்வாளர் பென் கிளார்சன் எழுப்பினார். போட்டியையோ பயிற்சியையோ தவறவிட்டால் மட்டுமே காயம் என்று பதிவதே நெடுங்கால வழக்கம். ஆனால் மிகைப்பயன்பாட்டுக் காயம், அதாவது ஒரே உறுப்பின் மீது மீண்டும் மீண்டும் பளு ஏற்றப்படுவதால் மெல்ல மெல்ல உண்டாகும் வலி, ஆட்டக்காரரைப் படுக்கவைப்பதில்லை. தோள் வலியோடு எறிவார், முழங்கால் வலியோடு குதிப்பார், பதிவேட்டில் நலமாக இருப்பார். ஆட முடிகிறதா, பயிற்சியைக் குறைத்தீர்களா, திறன் குன்றியதா, வலி எவ்வளவு என்று வாரந்தோறும் கேட்கும் நான்கு கேள்விகள் கொண்ட படிவத்தை அவர் ஐந்து விளையாட்டுகளைச் சேர்ந்த 313 பேரிடம் 13 வாரங்கள் பயன்படுத்தினார். பழைய முறையில் 40 மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் பதிவான இடத்தில், புதிய முறையில் 419 தொல்லைகள் வெளிப்பட்டன.

மேலே சொன்ன ஆய்வுகளில் பலவும் முனைவர்ப் பட்ட மாணவர்களின் கைவேலை என்பதிலிருந்து இத்துறையின் கற்பித்தல் முறையை ஓரளவு புரிந்துகொள்ளலாம். ஏற்கெனவே தொழில் பழகிய இயன்முறை மருத்துவர்கள் விளையாட்டு இயன்முறை மருத்துவத்தில் முதுநிலைப் பட்டம் பெற இங்கே வருகின்றனர். அவர்களுள் சிலர் முனைவர்ப் பட்ட ஆய்வுக்கு நகர்கின்றனர். நார்வே வழக்கப்படி முனைவர்ப் பட்ட ஆய்வேடு பெரும்பாலும் ஆய்விதழ்களில் வெளிவரும் சில கட்டுரைகளும் அவற்றைக் கோக்கும் முன்னுரையும் சேர்ந்தது. பட்டத்துக்கு முன், குழு விதிக்கும் தலைப்பில் ஒரு சோதனை விரிவுரை நிகழ்த்திய பிறகே, பொது அவையில் எதிர்வாதிகள் முன் ஆய்வேட்டைக் காத்து நிற்க வேண்டும். ஆராயத் தெரிந்தவருக்குக் கற்பிக்கத் தெரிகிறதா என்று பார்க்கும் இந்த ஏற்பாட்டை மற்ற நாடுகளும் எண்ணிப் பார்க்கலாம். இத்துறையில் அதன் தேவை கூடுதல். ஏனெனில் இங்கே கண்டறிவது எதுவும் மருந்தாகக் கடைக்கு வராது, யாரோ ஒரு பயிற்சியாளருக்குக் கற்பிக்கப்பட்டு, அவர் வாயிலாகவே பதினான்கு வயதுச் சிறுமியின் காலுக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்தக் கடைசி இடைவெளிதான் இன்னும் நிரப்பப்படாதது. மிக்லெபுஸ்டின் ஆய்வு முடிந்து இயன்முறை மருத்துவர்கள் அணிகளை விட்டு விலகியதும் ஹேண்ட்பாலில் முழங்கால் காயங்கள் மறுபடியும் ஏறின. பயிற்சியாளர்களுக்கு மீண்டும் பாடம் நடத்தத் தொடங்கிய பிறகே அவை இறங்கின. தொடையின் பின்புறத் தசைகளான ஹாம்ஸ்ட்ரிங் கிழிவதைத் தடுக்கும் ‘நார்டிக்’ பயிற்சியின் கதையும் இதுவே. மண்டியிட்டு, கணுக்காலைத் துணைவர் பிடித்துக்கொள்ள, உடலை மெதுவாக முன்சாய்க்கும் இப்பயிற்சி, 2011-இல் வெளியான டென்மார்க் ஆய்வில் 52-க்கு 15 என்ற அளவில் காயங்களைக் குறைத்தது. ஆனால் ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் கழகங்களும் நார்வேயின் முதற்பிரிவுக் கழகங்களும் அதைக் கடைப்பிடித்தனவா என்று பாரும் சகாக்களும் 2015-இல் கணக்கிட்டபோது, 150 கழகப் பருவங்களில் பதினாறில் மட்டுமே அது முழுமையாகச் செய்யப்பட்டிருந்தது. தசைவலி தரும் பயிற்சியைப் போட்டிக்கு இரண்டு நாள் முன் செய்யச் சொல்ல எந்தப் பயிற்சியாளரும் தயங்குவார் என்பது ஆய்வகத்தில் தோன்றாத செய்தி.

இத்துறையின் மற்றோர் ஆய்வாளரான யோவார் ஹாரொய் கால்பந்து ஆட்டக்காரர்களின் கவட்டு வலிக்கு வழி தேடியபோது இந்தப் பாடம் கணக்கில் கொள்ளப்பட்டது. தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகளுக்கு ஒரே ஒரு பயிற்சி, மூன்று கடினநிலைகள், கருவி எதுவும் வேண்டாம், வார்ம்-அப்பின்போதே சில நிமிடத்தில் முடிந்துவிடும். நார்வேயின் 35 பகுதிநேரத் தொழில்முறைக் கால்பந்து அணிகளில் ஒரு பருவம் முழுதும் வாரந்தோறும் கேட்டு எண்ணியதில், எந்த வாரத்திலும் கவட்டுத் தொல்லை உள்ளவர்கள் பயிற்சி பெறாத அணிகளில் சராசரியாக 21.3 விழுக்காடு, பெற்ற அணிகளில் 13.5 விழுக்காடு, தொல்லைக்கான வாய்ப்பு 41 விழுக்காடு குறைவு. எஞ்சிய 13.5 விழுக்காட்டினருக்கு என்ன செய்வது என்பதற்கு அந்த ஆய்வில் விடையில்லை.