பத்மாசனத்தில் நிலைபேறு

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் கல்லாறு. பெயருக்கேற்ப அங்குள்ள ஆற்றுப் படுகை முழுவதும் உருண்டைக் கற்கள். அகன்ற அடிப்பாகம் தரையில் பதிந்த கல்லை நீரோட்டம் எளிதில் புரட்டுவதில்லை. குறுகிய முனையில் நிற்கும் கல்லோ உருண்டுவிடுகிறது. அமர்ந்த நிலையில் செய்யும் ஆசனங்களுக்கும் இவ்விதி பொருந்தும்.

இதே மாவட்டத்தில், நெய்யாறு அணைக்கு அருகே 1978-இல் சுவாமி விஷ்ணுதேவானந்தா நிறுவிய ஆசிரமத்தில், பல நாட்டினரும் யோகம் பயின்று வருகின்றனர். தொடக்கநிலையில் பலருக்கும் கடினமாகத் தோன்றுவது பத்மாசனமாகும். உறுதியும் சுகமும் ஒருங்கே அமைவதே ஆசனம் என்பது பதஞ்சலி வகுத்த இலக்கணம். ஆனால், பயில்வோர் பலர் உறுதியை நாடிச் சுகத்தை இழந்துவிடுகின்றனர்.

இதற்குக் காரணம் உடலமைப்பிலேயே உள்ளது. பத்மாசனத்தில் தொடை எலும்பு இடுப்பு மூட்டில் வெளிப்புறமாகச் சுழல வேண்டும். இடுப்பு இறுகியிருப்பின், அச்சுழற்சியின் சுமை முழங்காலைச் சேர்கிறது. முழங்கால் பெரும்பாலும் கதவின் கீல்போல் மடங்கி நிமிர்வதற்கே ஏற்றது. வலிந்து முறுக்கினால் அதனுள் உள்ள குருத்தெலும்பு கிழியக்கூடும். ஆகவே, முழங்காலைக் கையால் அழுத்தித் தரையில் பதிக்க முயல்வது தவறாகும்.

இதற்கான தீர்வு எளியது. மடித்த கம்பளத்தின் மீது அமர்ந்தால் இடுப்பு சற்றே முன்சாய்ந்து, முதுகெலும்பு தானாக நிமிரும், முழங்கால்களும் தாழும். இரு முழங்கால்களும் இருக்கைப் பகுதியும் முக்கோணமாக அமைய, உடலின் எடை அதன் நடுவே இறங்குகிறது. இதுவே நிலைபேற்றின் அடிப்படை. முதலில் ஒரு காலை மட்டும் மறுதொடையில் வைக்கும் அர்த்த பத்மாசனத்தைப் பயின்று, கால்களை மாற்றி மாற்றிப் பழகுதல் நன்று. மூச்சு தடையின்றிச் சீராக ஓடினால் நிலை சரியானது எனக் கொள்ளலாம். முழங்காலில் வலியோ, பாதத்தில் மரத்துப்போதலோ தோன்றினால் உடனே காலை விடுவித்தல் வேண்டும். மூட்டு நோயுள்ளோர் மருத்துவரின் ஆலோசனையின்றி இதனை மேற்கொள்ளலாகாது.

ஜூன் 21-ஆம் நாளைப் பன்னாட்டு யோகா நாளாக ஐக்கிய நாடுகள் சபை 2014-இல் அறிவித்தபின், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இப்பயிற்சி பரவியுள்ளது. நாற்காலியிலேயே நாளைக் கழிப்போருக்குத் தரையில் அமர்வதே புதிய முயற்சியாகும். ஆகவே, எத்தனை பேர் பத்மாசனமிட்டனர் என்பதைவிட, எத்தனை பேர் ஊறின்றி எழுந்தனர் என்பதே திட்டத்தின் வெற்றிக்கு உரிய அளவுகோலாகும்.