உதைக்கு அடியில் ஒரு மேய்ப்பன்

ஆட்டை மிரட்டி ஓட்டிவிடலாம். மாட்டிடம் அது பலிக்காது. நாய் பதுங்கி வந்து முறைத்தாலே ஆட்டு மந்தை விலகி நகரும். பார்டர் காலி போன்ற நாய்கள் பெரும்பாலும் அந்தப் பார்வையை வைத்தே பிழைக்கின்றன. மாடு அவ்வளவு லேசில் மசியாது. நின்று திரும்பும், கொம்பை ஆட்டும், நாய் பின்பக்கம் வந்தால் உதைக்கும். அந்த உதை சரியாக விழுந்தால் நாயின் கதை முடிந்தது. பிரிட்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கும் வேல்ஸ் நாட்டு விவசாயிகள் இந்தச் சிக்கலுக்கு வளர்த்தெடுத்த விடைதான் கார்கி.

கார்கி மாட்டுக்கு எதிரே போய் நிற்காது. பின்னால் ஓடிப்போய், குளம்புக்குச் சற்று மேலே வெடுக்கென்று ஒரு கவ்வு கவ்வி விட்டுவிடும். கவ்விய கையோடு வயிறு தரையில் படப் படுத்துக்கொள்ளும். மாடு வீசும் கால் அதன் தலைக்கு மேலே காற்றில் போகும். அந்தக் கால் மறுபடி தரையில் ஊன்றுவதற்குள் நாய் எழுந்து அடுத்த பக்கம் போயிருக்கும். இப்படி இடமும் வலமுமாக மாறி மாறி ஓடி, ஒதுங்கப் பார்க்கும் மாடுகளை மந்தையோடு சேர்த்துவிடும். உயரமான நாய்க்கு இந்த வேலை சரிப்படாது. கார்கியின் குட்டைக் கால் கொஞ்சி மகிழ வந்ததல்ல, உதைக்குத் தப்ப வந்தது.

தென்மேற்கு வேல்ஸில் அடுத்தடுத்து இருக்கும் கார்டிகன்ஷயர், பெம்ப்ரோக்‌ஷயர் என்ற இரண்டு வட்டாரங்கள்தான் இதன் தாய்மண். 12ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய ஃபிளெமிஷ் நெசவாளர்கள் கொண்டுவந்த நாய் என்று ஒரு கதை உண்டு. தேவதைகள் சவாரி செய்த நாய், அதனால்தான் முதுகில் சேணம் போல ஒரு தடம் என்று இன்னொரு கதையும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. ஆனால் அது பார்த்த வேலையில் சந்தேகம் இல்லை. மாடுகளைத் தொழுவத்துக்கும் புல்வெளிக்கும் ஓட்டுவது, மேய்ச்சலில் புகும் அயல் மாடுகளை விரட்டுவது, எலி பிடிப்பது, வாசலில் ஆள் வந்தால் குரைப்பது என்று பண்ணையில் அதற்கு நாள் முழுக்க வேலை இருந்தது. ரயில் வருவதற்கு முன்பு வேல்ஸ் மாடுகள் லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தை வரை நடந்தேதான் போயின. குளம்பு தேயாமல் இருக்க, நம் ஊர் வண்டிமாட்டுக்கு அடிப்பது போலவே காலுக்கு இரண்டு துண்டாக லாடம் அடித்து அனுப்பினார்கள். அந்த மந்தைகளின் பின்னால் ஓடிய நாய்களில் கார்கியும் இருந்தது.

கால் எப்படிக் குட்டையானது என்பது 2009இல் தெரிந்தது. அமெரிக்கத் தேசிய மனித மரபணு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஹைடி பார்க்கர், எலைன் ஆஸ்ட்ராண்டர் குழுவினர் குட்டைக் கால் நாய் இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கார்கி, டாஷ்ஹண்ட், பாசெட் ஹவுண்ட் எல்லாவற்றிலும் எஃப்ஜிஎஃப்4 என்ற வளர்ச்சி மரபணுவின் பிரதி ஒன்று கூடுதலாக இருந்தது. வழக்கமாக மரபணுவிலிருந்து ஆர்என்ஏ நகல் எடுக்கப்பட்டு, அதைக் கொண்டு புரதம் தயாராகும். எப்போதோ ஒரு மூதாதை நாயில் அந்த ஆர்என்ஏ நகல் மீண்டும் டிஎன்ஏவாக மாறி, 18ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்த உபரிப் பிரதியால், கால் எலும்பின் நுனியில் வளர வேண்டிய குருத்தெலும்பின் வளர்ச்சி தடைபடுகிறது. உடலும் தலையும் நடுத்தர நாயின் அளவுக்கு வளர, கால் மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது. ஆகவே கார்கி சிறிய நாய் அல்ல. கால் குறைந்த நடுத்தர நாய். குரைப்பைக் கேட்டாலே இது விளங்கும்.

கார்கியில் பெம்ப்ரோக், கார்டிகன் என்று இரண்டு இனங்கள். 1925இல் வேல்ஸில் கார்கி கிளப் தொடங்கிய காலத்தில் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார்கள். ஒரே போட்டியில் இரண்டும் நின்றதால் எது அசல் என்ற சண்டை ஓயவில்லை. 1934இல், நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் இரண்டையும் பிரித்துவிட்டது. பெம்ப்ரோக் 25 முதல் 30 செ.மீ. உயரம், 9 முதல் 12 கிலோ எடை, நரி முகம், கூரான காது. கார்டிகன் சற்றே நீளம், கனம். காது பெரிது, நுனி உருண்டை. முன்னங்கால் லேசாக வளைந்திருக்கும். சுலபமான அடையாளம் வால். கார்டிகனுக்கு நரிவால் போல அடர்ந்த நீள வால். பெம்ப்ரோக்கில் பிறவியிலேயே மொட்டை வாலோடு பிறப்பவை உண்டு. மற்றவற்றுக்குக் குட்டியிலேயே வாலை வெட்டிவிடுவது வழக்கமாக இருந்தது. 2007 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அழகுக்காக வால் வெட்டுவதற்குத் தடை.

தொழுவத்து நாய் அரண்மனைக்குப் போனது 1933இல். பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரான யார்க் கோமகன், டூக்கி என்ற பெம்ப்ரோக்கைத் தன் மகள்களுக்காக வாங்கினார். இளவரசி எலிசபெத்துக்கு 18 வயது நிறைந்த 1944இல் சூசன் என்ற குட்டி பரிசாக வந்தது. 1947இல் தேனிலவுக்கும் கூடவே போனது. பின்னாளில் அரசியான எலிசபெத்திடம் பிறகு வளர்ந்த கார்கிகளில் பெரும்பாலானவை சூசனின் வாரிசுகள். அந்த வழியில் கடைசியான வில்லோ 2018இல் இறந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாப் படத்தில் ஜேம்ஸ் பாண்டோடு அரண்மனைக்குள் ஓடிய மூன்றில் வில்லோவும் ஒன்று. ஆனால் அரண்மனைப் புகழ் மட்டும் இனத்தைக் காப்பாற்றவில்லை. 2014இல் பிரிட்டனில் பதிவான பெம்ப்ரோக் குட்டிகள் 274தான். ஆண்டுக்கு 300க்குக் கீழே போனால் அழியும் ஆபத்திலுள்ள உள்நாட்டு இனம் என்ற பட்டியலில் சேர்ந்துவிடும், சேர்ந்தது. வால் வெட்டத் தடை வந்ததும் பல வளர்ப்பாளர்கள் ஆர்வம் இழந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அரச குடும்பத்தைப் பற்றிய ‘தி கிரவுன்’ தொடர் வெளியான பிறகு தேவை மறுபடி ஏறியது.

மாட்டைக் காணாமலே வளர்ந்தாலும் கார்கிக்குத் தொழில் மறக்காது. ஓடும் குழந்தைகளின் கணுக்காலைக் கவ்வப் பார்க்கும், வீட்டாரை ஒரே அறையில் சேர்க்கப் பார்க்கும். அடித்தால் திருந்தாது, பந்தை உருட்டி விரட்டச் செய்வது, புதுப்புது ஏவல்களைப் பழக்குவது என்று மாற்று வேலை கொடுத்தால் அடங்கும். உடம்புக்கும் கணக்கு உண்டு. எஃப்ஜிஎஃப்4இன் இன்னொரு பிரதி 12ஆம் குரோமோசோமில் இருப்பதும், முதுகெலும்பு வட்டுகள் சீக்கிரம் தேய அது காரணமாவதும் 2017இல் தெரியவந்தது. கார்கிகளிலும் அது காணப்படுகிறது. கட்டிலிலிருந்து குதிப்பதும் கூடுதல் எடையும் அந்த முதுகுக்கு ஆகாது. தீனி கண்டால் விடாத நாய் என்பதால் அளந்துதான் போட வேண்டும். வயதானபின் பின்னங்கால் மெல்லச் செயலிழக்கும் நரம்பு நோய் ஒன்றும் இந்த இனத்தில் வரும். அதற்கான மரபணுச் சோதனை இருக்கிறது.

குளிர் நாட்டுக்கான இரட்டை ரோமம் வேறு. வருடம் முழுக்க உதிரும், நம் ஊர் வெயிலில் அதற்கு மூச்சு வாங்கும். வாங்கியே தீருவேன் என்பவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் தாய், தந்தை நாய்களின் சோதனை முடிவைக் கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் குட்டி வாங்காதீர்கள்.