பாத்திமா என்னும் பெயர்



ஒரு நாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே தோட்டத்துத் தாய் ஒருவர் நம்மை நாடி வந்தார். அவர்தம் மகள் மூன்றாம் ஆண்டில் பயில்பவள். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. பாத்திமா மேரி என்று பெயரிட்டவர் அவளுடைய பாட்டி. வருகைப் பதிவேட்டில் அப்பெயரை அழைத்தபோதெல்லாம் உடன் பயில்வோர் சிலர் நகைக்க, பள்ளிக்கு வரவே மாட்டேன் என்று அச்சிறுமி அழுதிருக்கிறாள். “ஐயா, இது நம்மவர் பெயர் இல்லையாமே! மாற்றிவிடலாமா?” என்று அத்தாய் கேட்டார். அன்று நாம் கூறிய மறுமொழியைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றோம்.

பாத்திமா அரபுச் சொல். மூன்று மெய்யெழுத்துகளை வேராகக் கொண்டு, அவ்வேரினின்று பல சொற்கள் கிளைப்பது அரபு மொழியின் இயல்பு. இப்பெயரின் வேர்ச்சொல்லுக்குப் பால்குடி மறக்கச் செய்தல் என்பது பொருள். எனவே பாத்திமா என்றால் குழந்தைக்குப் பால்குடியை மறக்கச் செய்பவள் என்றாகும். தீயவற்றிலிருந்து விலகி நிற்பவள் என்றும் இதனை விரித்துரைப்பர். முதற்பொருளே நமக்கு இனிதாகத் தோன்றுகின்றது. வேப்பங்கொழுந்தை அரைத்துப் பூசி, பிள்ளையின் அழுகையைப் பொறுத்துக்கொண்டு பால் மறக்கடித்த தாய்மார்கள் நம் தோட்டங்களில் எத்தனை பேர்! விடியுமுன் பால்வெட்டுக்குப் போக வேண்டியிருந்த அந்நாளில், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்ற அவர்களுக்கு இப்பெயரின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை.

நபிகள் நாயகத்தின் அருமை மகளின் பெயர் இதுவாகும். அன்னை கதீஜாவின் வயிற்றில் பிறந்து, அலியை மணந்து, ஹசன், ஹுசைன் என்னும் இருவரை ஈன்றவர் அவர். தந்தை மறைந்த 632ஆம் ஆண்டிலேயே, சில திங்களில் அவரும் மறைந்தார். அவர்மீது கொண்ட அன்பினாலேயே இப்பெயர் மொரோக்கோ முதல் இந்தோனேசியா வரை பரவிற்று. அவர் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட பாத்திமிய மரபினர் 909 முதல் 1171 வரை ஆண்டனர். கெய்ரோ நகரை 969இல் நிறுவியவர்களும் அவர்களே. தமிழிலும் உமறுப்புலவர் தம் சீறாப்புராணத்தில் பாத்திமாவின் திருமணத்தைப் பாடியுள்ளார்.

ஊருக்கு ஊர் நா மாறுவதால் பெயரும் மாறுகின்றது. துருக்கியர் ஃபத்மா என்பர். அங்கு மிகப் பரவலான பெண்பெயர்களுள் இஃதொன்று. பாரசீகர் ஃபாத்தெமே என்பர். மேற்கு ஆப்பிரிக்காவில் ஃபாத்துமாத்தா என நீளும். ஃபாத்து எனக் குறுகும். மலாய்க்காரர் வீட்டில் தீமா என்று செல்லமாக அழைப்பர். மலாய்மொழியில் ஈயத்திற்கும் அதுவே பெயராதலால், பேராக்கின் ஈயச் சுரங்கங்களைக் கண்டவர்க்கு இது சிரிப்பூட்டலாம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். மலாக்காவின் பெண்டஹாரா துன் முத்தாஹிரின் மகள் துன் பாத்திமா. அக்குடும்பம் ‘கெலிங்’ நாட்டிலிருந்து வந்த ஒருவரின் வழியில் தோன்றியது என்று செஜாரா மெலாயு கூறும். அந்நாடு நம் முன்னோர் வாழ்ந்த தென்னிந்தியாவே. சுல்தான் மஹ்முட் ஷா, துன் முத்தாஹிரையும் அவர் குடும்பத்து ஆடவரையும் கொல்வித்தபின் துன் பாத்திமாவை மணந்தார். துயரமே உருவான மணம்! 1511இல் மலாக்கா போர்த்துக்கீசியரிடம் வீழ்ந்தது. துன் பாத்திமாவின் மகனோ பின்னாளில் ஜொகூரில் சுல்தானாக அமர்ந்தார். ஜொகூர் பாருவில் பெண்களுக்கான தங்கிப்படிக்கும் பள்ளி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சிங்கப்பூரின் கடற்கரைச் சாலையிலும் ஹஜ்ஜா பாத்திமா பள்ளிவாசல் உள்ளது. மலாக்காவில் பிறந்த செல்வச் சீமாட்டி ஒருவர் 1840களில் கட்டுவித்த அதன் கோபுரம் ஒருபுறம் சாய்ந்திருப்பதைச் சுற்றுலா செல்லும் மாணவர் காணத் தவறலாகாது.

அரபு நாட்டு முஸ்லிம் பெயர், மேரி என்னும் பெயருடன் கைகோத்தது எங்ஙனம்? அத்தாய் அறிய விரும்பியதும் இதனைத்தான். எட்டாம் நூற்றாண்டு தொட்டுச் சில நூற்றாண்டுகள் போர்த்துக்கல் நாட்டை முஸ்லிம்கள் ஆண்டனர். ஆட்சி போனபின்னும் ஊர்ப்பெயர்கள் போகவில்லை. அவ்வாறு எஞ்சிய சிற்றூர்களுள் ஒன்று ஃபாத்திமா. 1917ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், அங்கு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர் மூவர் மரியன்னையின் காட்சி கண்டதாகக் கூறினர். கத்தோலிக்கர் அவ்வன்னையை ஊர்ப்பெயரால் பாத்திமா அன்னை என்று போற்றலாயினர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் அவ்வன்னையின் பெயரில் தேவாலயம் உண்டு. மதுரையில் 1953இல் தொடங்கிய பாத்திமா கல்லூரியும் அப்பெயரினதே.

இவற்றைக் கேட்டிருந்த அத்தாய், “அப்படியானால் கேலி செய்யும் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?” என்றார். அதனை நாமே பார்த்துக்கொள்வதாகக் கூறினோம். மறுநாள் வகுப்பில் உலகப் படத்தைத் தொங்கவிட்டு, இப்பெயர் வழங்கும் நாடுகளை அச்சிறுமியையே சுட்டச் சொன்னோம். அவள் கை எட்டாத இடங்களுக்கு, முன்பு நகைத்தவர்களே நாற்காலி கொண்டுவந்து போட்டனர்.

பெற்றோர்க்கு ஒன்று கூறவேண்டும். உரோமன் எழுத்தில் மலாய்க்காரர் இப்பெயரின் ஈற்றில் ‘எச்’ சேர்ப்பர். கத்தோலிக்கர் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. இரண்டும் சரியே. ஆயினும் பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதமாகவும் பள்ளிப் பதிவில் வேறுவிதமாகவும் இருந்தால், பிற்காலத்தில் அல்லற்படப்போவது பிள்ளைதான். பதிந்து தரும் தாளை அங்கேயே எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்து வாங்குங்கள். படிக்கத் தெரியாவிடில் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள்.

தமிழில் ‘பா’ எனத் தொடங்குவதா, ஆய்தம் இட்டு ‘ஃபா’ எனத் தொடங்குவதா என்று அச்சிறுமி கேட்டாள். எதுவும் ஏற்புடைத்தே என்றோம். சிறிது சிந்தித்து, மூன்று புள்ளிகளும் அழகாயிருப்பதால் ஆய்தம் இட்டே எழுதப்போவதாகக் கூறினாள். இப்பொழுது அவளுடைய ஏடுகளில் எல்லாம் ஃபாத்திமா மேரி என்றே காண்கின்றது.