பத்து ரூபாய் ஃபண்ட் மலிவா?

2023 ஜூன் மாதம் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியச் சந்தையில் அதற்கு முன் எந்தப் பங்கும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய நிறுவனம் அது. ‘அம்மாடி, இவ்வளவு விலையா! நமக்குக் கட்டுப்படியாகாது’ என்றுதான் சாதாரண மனிதருக்கு முதலில் தோன்றும். ஆனால் அதே சமயம் 500 ரூபாய்க்குள் விற்றுக்கொண்டிருந்த ஐ.டி.சி., எம்.ஆர்.எஃப்-ஐவிடப் பல மடங்கு பெரிய நிறுவனம். எம்.ஆர்.எஃப். வெளியிட்டிருக்கும் மொத்தப் பங்குகளே சுமார் 42 லட்சம்தான், ஐ.டி.சி.யின் பங்குகளோ 1,200 கோடிக்கும் மேல். பலாப்பழத்தைப் பத்துத் துண்டு போட்டால் துண்டு பெரிதாகத்தான் இருக்கும். ஒரு பங்கு மலிவா, விலை அதிகமா என்பது அந்தப் பங்குக்கு நிறுவனம் சம்பாதிக்கும் லாபத்தோடு விலையை ஒப்பிட்டால்தான் தெரியும். பி.இ. விகிதம் என்று சொல்வது அதைத்தான்.

இதே மயக்கம் மியூச்சுவல் ஃபண்டிலும் உண்டு. புதிதாக வரும் ஃபண்டின் யூனிட் பத்து ரூபாய்; இருபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஃபண்டின் என்.ஏ.வி., அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, 400 ரூபாய். பத்து ரூபாய்க்கு வருகிறதே, நிறைய யூனிட் கிடைக்குமே என்று பலர் புதியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். பத்தாயிரம் ரூபாய்க்குப் புதியதில் 1,000 யூனிட், பழையதில் 25 யூனிட். இரண்டிலும் உள்ள பங்குகள் 12 சதவீதம் ஏறினால் இரண்டு முதலீடும் 11,200 ரூபாய்தான். பழைய ஃபண்ட் 2008, 2020 சரிவுகளை எப்படித் தாண்டியது என்று பார்க்கவாவது முடியும். புதியதற்கு அந்த வரலாறும் கிடையாது.

சரி, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? பெரும்பாலோர் பார்ப்பது கடந்த ஒரு வருட லாபப் பட்டியலை. முன்கூட்டியே தெரிந்துகொள்ளக்கூடிய விஷயங்கள் சில இருக்க, நாளைக்கு மாறிவிடக்கூடிய ஒன்றை வைத்து முடிவெடுப்பது வருத்தமான பழக்கம். தெரிந்துகொள்ளக்கூடியவை எல்லாம் ஃபண்ட் நிறுவனம் மாதாமாதம் வெளியிடும் ஃபேக்ட்ஷீட்டில் இருக்கின்றன, இலவசம்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது வகை. 2017 அக்டோபரில் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி போட்ட உத்தரவுப்படி லார்ஜ்கேப் ஃபண்ட் என்றால், சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் இருக்கும் நிறுவனங்களில் குறைந்தது 80 சதவீதப் பணம் இருக்க வேண்டும். 101 முதல் 250 வரை மிட்கேப். அதற்குக் கீழே ஸ்மால்கேப். இந்த இரண்டு வகை ஃபண்டுகளும் தத்தம் பிரிவில் 65 சதவீதமாவது வைத்திருக்க வேண்டும். அடுத்து, முதல் பத்துப் பங்குகளின் பட்டியல். ஐந்து நிறுவனங்களின் லார்ஜ்கேப் ஃபண்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, பணத்தைப் பிரித்துப் போட்டுவிட்டதாக நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். அந்த ஐந்து பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஹெச்.டி.எஃப்.சி. பேங்க், ஐ.சி.ஐ.சி.ஐ. பேங்க், ரிலையன்ஸ் என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ஃபண்ட் ஐந்து, கட்டணம் ஐந்து. உள்ளே இருக்கும் சரக்கு ஏறக்குறைய ஒன்றேதான்.

கட்டணம் என்றதும் இன்னொரு வரியைக் கவனிக்க வேண்டும்: எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. தனியாக பில் எதுவும் வராமல் நம் பணத்திலிருந்து தினமும் கழியும் தொகை இது. மாதம் 10,000 ரூபாய் வீதம் 20 வருடம் எஸ்.ஐ.பி. போடுகிறவருக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் கிடைத்தால் கடைசியில் கையில் வருவது சுமார் 99.9 லட்சம். கட்டணம் ஒரு சதவீதம் கூடி, 11 சதவீதம் மட்டுமே கிடைத்தால் 87.4 லட்சம். வித்தியாசம் பன்னிரண்டரை லட்சம். போட்ட முதலில் பாதிக்கும் மேல்! 2013 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு ஃபண்டிலும் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் இருந்தாக வேண்டும் என்பது செபியின் விதி. தானே தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் கமிஷன் உள்ள ரெகுலர் பிளானில் பணம் போட ஒரு காரணமும் இல்லை. ஆலோசனை தேவைப்படுகிறவருக்கு அந்தக் கமிஷன் நியாயமான கூலியாக இருக்கலாம். கமிஷன் வாங்குகிறவர் உண்மையிலேயே ஆலோசனை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கட்டணம் மிகக் குறைவாக இருப்பது நிஃப்டி, சென்செக்ஸ் போன்ற குறியீடுகளை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டுகளில். திறமையான மேலாளர்கள் ஆராய்ந்து நடத்தும் லார்ஜ்கேப் ஃபண்டுகளில் பாதிக்கு மேல் குறியீட்டிடம் தோற்ற ஆண்டுகள் பல என்பதை எஸ் அண்ட் பி நிறுவனத்தின் ஸ்பிவா அறிக்கைகள் காட்டுகின்றன. புதிதாகத் தொடங்குகிறவர் அஸ்திவாரமாக ஓர் இண்டெக்ஸ் ஃபண்டை வைத்துக்கொண்டு மற்றதை யோசிப்பதே நல்லது.

தனிப் பங்குகளை வாங்க நினைப்பவர்கள் சத்யம் என்ற ஐ.டி. நிறுவனத்தின் கதையை ஒருமுறையாவது முழுதாகப் படிக்க வேண்டும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்றது. அன்றைக்கே பங்கு விலையில் முக்கால் பங்குக்கு மேல் கரைந்தது. சத்யம் ஊர் பேர் தெரியாத கம்பெனி அல்ல. நிஃப்டியில் இருந்தது, உலகின் பெரிய தணிக்கை நிறுவனம் ஒன்று அதன் கணக்கில் கையெழுத்துப் போட்டிருந்தது. ஆனால் அதற்கு மூன்று வாரம் முன்பே ஓர் அறிகுறி தெரிந்தது. ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்களை சத்யம் பணத்தில் வாங்கப் போவதாக அறிவித்து, முதலீட்டாளர்களின் கோபத்தைப் பார்த்து, சில மணி நேரத்திலேயே பின்வாங்கினார்கள். குடும்பத்தார் தங்கள் பங்குகளை அடமானம் வைத்திருந்ததும் பின்னர் வெளியே வந்தது. அதன் பிறகுதான் புரமோட்டர்கள், அதாவது நிறுவனத்தை நடத்தும் முதலாளிகள், தங்கள் பங்குகளை அடகு வைத்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. இன்று என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இணையதளங்களில் எந்த நிறுவனத்துக்கும் அந்த விவரம் காலாண்டுக்கு ஒருமுறை வருகிறது. லாபம் காட்டும் நிறுவனத்துக்கு அந்த லாபம் பணமாக வந்து சேர்கிறதா என்று பணவரத்து அறிக்கையில் பார்ப்பதும், இந்த அடமானக் கணக்கைப் பார்ப்பதும் அரை மணி நேர வேலை. வாட்ஸ்அப்பில் வரும் டிப்ஸ் எதுவும் இதைச் செய்யச் சொல்லாது.

பங்கு வேண்டாம், கடன் ஃபண்ட் போதும் என்பவர்களும் உள்ளே பார்க்காமல் இருக்க முடியாது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்ட் நிறுவனம் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தது. சுமார் 25,000 கோடி ரூபாய் முடங்கியது. ஆறில் ஒன்றின் பெயர் அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட், எஃப்.டி. போலப் பத்திரமானது என்ற எண்ணத்தைத் தரும் பெயர். உள்ளே இருந்தவற்றில் பெரும்பகுதி மிக உயர்ந்த ஏஏஏ தரத்துக்குக் கீழான கடன் பத்திரங்கள். கொரோனா ஊரடங்கில் அவற்றை வாங்க ஆளில்லை. முதலீட்டாளர்களுக்குப் பணம் தவணை தவணையாகத் திரும்பி வந்தது, அன்றைய மதிப்பைவிடக் கூடுதலாகவே. ஆனால் அதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரங்களின் தரம் என்ன, எத்தனை சதவீதம் என்ற அட்டவணை அந்த ஃபண்டுகளின் ஃபேக்ட்ஷீட்டிலும் மாதாமாதம் அச்சாகிக்கொண்டுதான் இருந்தது.

மூன்று வருடத்துக்குள் தேவைப்படும் கல்லூரிக் கட்டணத்தையோ கல்யாணச் செலவையோ பங்கு ஃபண்டில் வைக்கக் கூடாது என்று சொல்லப்படுவதற்கும் காரணம் இருக்கிறது. 2008 ஜனவரியில் 21,000 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ், அதே ஆண்டு அக்டோபரில் 8,000-க்குக் கீழே போனது. மறுபடி 21,000-ஐ எட்டியது 2010 தீபாவளி சமயத்தில். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்கு முதல் திரும்பவே இரண்டே முக்கால் வருடம் ஆனது. இடையில் கல்யாணத் தேதி வந்திருந்தால், பாதி விலைக்கு விற்றுத்தான் மண்டபத்துக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும்.