நியூட்ரலில் காட்டும் வித்தை

பட்டறையில் பானட்டைத் திறந்து வைத்து, நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டிக் காட்டுவார்கள். ஆர்.பி.எம். முள் சர்ரென்று ஏறும், காலை எடுத்ததும் சரசரவென இறங்கும். எடை குறைந்த பிளைவீலை விற்க இது போதும். ஆனால், நாம் யாரும் நியூட்ரலில் ஊருக்குப் போவதில்லையே!

கிராங்க் தண்டின் முனையில் போல்ட் போட்டு இறுக்கிய கனத்த தட்டுதான் பிளைவீல். நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் 180 டிகிரி திரும்பினால் ஒரு வெடிப்பு, மூன்று சிலிண்டரில் 240 டிகிரிக்கு ஒன்று. அடுத்த வெடிப்பு வரும்வரை சுழற்சி தொய்யாமல் பார்த்துக்கொள்வது இந்தத் தட்டின் கனம்தான். நியூட்ரலில் எஞ்சினுக்கு வேறு சுமையே இல்லாததால், தட்டு இளைத்தது அங்கே பளிச்சென்று தெரிகிறது.

சாலையில் என்ன கிடைக்கும்? 26 செ.மீ. விட்டமுள்ள 8 கிலோ தட்டை, அதே விட்டத்தில் 4 கிலோவாக மெலிய வைத்ததாகக் கொள்வோம். ஒரு சிறிய காரில், முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் சுமார் 14 சுற்று சுற்றும். பலன் இந்த விகிதத்தின் வர்க்கத்தில் பெருகும். கணக்குப் போட்டால், வேகமெடுக்கும்போது வண்டியிலிருந்து சுமார் 80 கிலோ இறக்கியதற்குச் சமம். ஐந்தாவது கியரில் விகிதம் 3.3 என்றால், அதே பலன் நாலரை கிலோகூட இல்லை. சீரான வேகத்தில் போனால் அதுவும் கிடையாது. குதிரைத்திறனோ ஒரு துளியும் கூடாது.

இதற்குக் கொடுக்கும் விலையை மாலை நேரத்தில் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறும்போது உணரலாம். கிளட்சை விட்டால் வண்டி உதறி ஆஃப் ஆகும். ஆகாமலிருக்க ஆக்சிலரேட்டரை அழுத்தி ஹாஃப் கிளட்சில் ஊர வேண்டும். மெலிந்த தட்டில் சூடு சீக்கிரம் ஏறும், கிளட்ச் பிளேட் தீயும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஐடிலிங் நடுக்கமும் கூடும். இரட்டைத் தட்டு பிளைவீல் உள்ள டீசல் காரில் அதைக் கழற்றி ஒற்றைத் தட்டைப் போட்டால், சிக்னலில் கியர்பாக்ஸ் கடகடக்கும்.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ஓட்ட மட்டும் ஒரு கார் வைத்திருப்பவருக்குக் கதை வேறு. வளைவுக்கு முன் கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே எஞ்சின் வேகம் கூடிவரும். அந்தச் சுகத்துக்காகவே மாட்டலாம். தப்பில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பழைய வார்ப்பிரும்புத் தட்டை லேத்தில் கொடுத்துச் சுரண்டுவது. 6,000 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 100 சுற்று. அந்த வேகத்தில் வெடித்தால் துண்டுகள் பாயக்கூடிய இடத்தில்தான் ஓட்டுநரின் கால்கள் இருக்கின்றன. எஃகில் செய்து, பேலன்ஸ் பார்த்து, எஸ்.எஃப்.ஐ. 1.1 பாதுகாப்புச் சான்று பெற்றதையே வாங்குங்கள்.

ஆபீசுக்கும் குடும்பத்துக்கும் ஒரே கார் என்றால் வேண்டவே வேண்டாம். ஆசை விடவில்லையென்றால், கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும் நாள்வரை பொறுங்கள், கூலியாவது மிச்சம். கழற்றிய தட்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் தடவி எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.